தலைக்கனம் பிடித்த கிட்டார்

வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே குறையைப் பற்றியவை. மின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் அதன் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரிகிறது என்பதுதான் அந்தக் குறை. மேடைக்காரர்கள் இதை நெக் டைவ் என்பார்கள். நான் இதற்குத் தலைக்கனம் என்றே பெயர் வைத்திருக்கிறேன். மனிதருக்கு வந்தால் தீர்ப்பது கடினம், கிட்டாருக்கு வந்தால் பெரும்பாலும் தீர்த்துவிடலாம். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: மதுரை சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் இருக்கிறேன். சென்ற ஆண்டு எஸ்ஜி வடிவத்தில் இரண்டு கொம்புகள் உள்ள கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஒலி மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இடது கையை எடுத்த மறுகணம் தலைப்பக்கம் கீழே இறங்குகிறது. நான்கு மணி நேரக் கச்சேரி முடிவதற்குள் இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்குகிறது. கிட்டாரில் பழுதா, நான் மாட்டிக்கொள்ளும் விதம் தவறா?
வாசகர், திருநகர்

பதில்: பழுதும் இல்லை, உங்கள் தவறும் இல்லை. அந்த வடிவத்தோடு பிறந்த குணம் அது.

பழனிக்குப் பால் காவடி எடுத்துச் செல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்டின் இரு முனைகளிலும் உள்ள சொம்புகள் சமமாக இருக்கும்வரை தண்டின் நடுப்பகுதி தோளில் இருக்கும். ஒரு சொம்பில் பால் கூடுதலாக இருந்தால் சுமப்பவர் மற்ற சொம்பில் கல்லைப் போட்டுச் சமன் செய்வதில்லை. தண்டைச் சற்று நகர்த்தி, கனமான முனை தோளுக்கு அருகில் வரும்படி வைத்துக்கொள்கிறார். கிட்டாரிலும் நடப்பது இதுதான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தண்டு நேராகத் தோளில் படுகிறது. கிட்டாரோ ஸ்ட்ராப் என்ற தோள்வாரில் தொங்குகிறது. எனவே தோள் எந்த இடத்தில் தாங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது ஸ்ட்ராப் மாட்டும் முன்பொத்தான்தான். கிட்டாரின் எடை மையம் முன்பொத்தானுக்கும் பின்பொத்தானுக்கும் நடுவே நன்றாக உள்ளே இருந்தால் அது அமைதியாகக் கிடக்கும். எடை மையம் முன்பொத்தானை ஒட்டியோ அதைத் தாண்டித் தலைப்பக்கமாகவோ இருந்தால், தன் எடையாலேயே தலை கவிழும்.

ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் என்ற பேஸ் கிட்டாரை, அதாவது தாழ்ந்த சுருதிக் கிட்டாரை, வெளியிட்டபோது அதன் மேல்கொம்பை முன்னே நீட்டி, அதன் நுனியில் பொத்தானை வைத்தது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் மேல்கொம்பு ஏறக்குறைய 12-ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை நீண்டிருக்கும். பார்ப்பவர்கள் அதை அழகுக்காக என்று நினைக்கலாம். அந்தக் கொம்பு உண்மையில் பொத்தானைத் தலைப்பக்கம் கொண்டுசெல்லும் ஒரு கை. கிப்சன் நிறுவனம் 1961-இல் தன் பழைய லெஸ் பால் கிட்டாரின் இடத்துக்குக் கொண்டுவந்து, பின்னர் எஸ்ஜி என்று பெயர் பெற்ற கிட்டாரில் நிலைமை நேர் எதிரானது. உடல் மெல்லிய மகோகனிப் பலகை, கொம்புகள் குட்டை, கழுத்து 22 ஃபிரெட்டும் உடலுக்கு வெளியே நிற்கும்படி நீண்டது, முன்பொத்தானோ கழுத்து உடலோடு சேரும் இடத்தின் முதுகில். மேல் ஃபிரெட்டுகளைத் தடையின்றி எட்டுவதற்குக் கொடுத்த விலை இது. இதனால் இன்னொரு சங்கடமும் உண்டு: பொத்தான் அவ்வளவு பின்னால் இருப்பதால் கிட்டார் முழுவதுமே உங்கள் இடப்பக்கம் தள்ளித் தொங்கும், முதல் ஃபிரெட்டை எட்டக் கையை அதிகம் நீட்ட வேண்டியிருக்கும்.

பெயர்பெற்ற வடிவத்தை நகலெடுத்து வரும் மலிவான கிட்டார்களில் இந்தக் குறை இன்னும் கூடலாம். உடலைப் பவுலோனியா போன்ற மிக லேசான மரத்தில் செய்துவிட்டு, கழுத்துக்கு மேப்பிள் போன்ற கனமான மரத்தைப் போட்டு, தலையில் கெட்டியான உலோக உறையுள்ள ட்யூனிங் கீக்களை, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகிகளை, பொருத்துகிறார்கள். தோளுக்கு லேசாக இருக்கிறது என்று வாங்குகிறவர் மகிழ்கிறார். அந்த லேசுதான் பின்னால் மணிக்கட்டைப் பிடிக்கிறது.

மருந்துக்கு முன் நாடி பார்க்க வேண்டும். வீட்டில் உள்ள பூரிக்கட்டையைத் துண்டில் சுற்றி, உருளாமல் இரு பக்கமும் முட்டுக் கொடுத்து மேசைமேல் வையுங்கள். அதன் குறுக்கே கிட்டாரை முகம் மேலே இருக்கும்படி கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம் வரும்வரை மெல்ல நகர்த்துங்கள். அந்த இடத்தில் கிட்டாரின் ஓரத்தில் ஒரு சிறு காகித ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். அதுதான் எடை மையம். அதற்கும் முன்பொத்தானுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எடை மையம் பொத்தானிலிருந்து நான்கு விரற்கடை அளவாவது பிரிட்ஜ் (உடலில் தந்திகள் ஊன்றும் பாலம்) பக்கமாக இருந்தால் பெரும்பாலும் நல்ல ஸ்ட்ராப் ஒன்றே போதுமானது. அதற்குக் குறைந்தால் வேலை இருக்கிறது. பொத்தானைத் தாண்டித் தலைப்பக்கம் போயிருந்தால் ஸ்ட்ராப்பை மட்டும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இந்த நான்கு விரல் கணக்கு எந்தப் புத்தகத்திலும் உள்ளதன்று, என் பட்டறைக்கு வந்த கிட்டார்களைப் பார்த்து நானாக வைத்துக்கொண்டது.

அடுத்து, எவ்வளவு கனம் தலைப்பக்கம் மிஞ்சுகிறது என்பதை அறிய வேண்டும். ஒரு சுருக்குப் பையைப் பின்பொத்தானில் கட்டித் தொங்கவிட்டு, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்து நீங்கள் விரும்பும் சாய்வில் தானாக நிற்கும்வரை பையில் பத்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் செல்லாது என்று வீண் வதந்தியை நம்பித் திருப்பிக் கொடுத்துவந்த அதே நாணயம்தான். ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம், இருபது போட்டால் சுமார் 154 கிராம். ஐந்தாறு நாணயங்களில் கழுத்து நின்றுவிட்டால் உங்கள் கிட்டாரின் நோய் சிறியது. முப்பதைத் தாண்டினால் பெரியது.

இந்த எண் கிடைத்தவுடன் பலரும் அதே எடையைக் கிட்டாரின் பின்பக்கம் நிரந்தரமாகப் பொருத்திவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். நான் அதைக் கடைசி வழியாகவே சொல்வேன். முதலில் தலையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். எடையை அதன் தூரத்தால் பெருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எடை மையத்திலிருந்து தலைப்பகுதி சுமார் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, பின்முனையோ 30 சென்டிமீட்டர்தான். ஆறு கீக்களில் தலா 15 கிராம் குறைத்தால் 90 கிராம். அதை 50-ஆல் பெருக்கினால் 4,500. பின்முனையில் அதே பயனைப் பெற 150 கிராம் சேர்க்க வேண்டும். ஒரு வழியில் தோளின் சுமை 90 கிராம் குறைகிறது, மறுவழியில் 150 கிராம் கூடுகிறது.

குறைப்பதற்குச் செலவில்லாத வழிகளும் உண்டு. எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வியான கேப்போவைப் பயன்படுத்தாத நேரத்தில் தலைப்பகுதியிலேயே கவ்வி வைக்கும் வழக்கம் உங்களுக்கு உண்டா? இரும்பு வில் வைத்த கேப்போ 50 கிராமையும் தாண்டும். கவ்வி வைக்கும் ட்யூனர் இன்னும் ஒரு பங்கு சேர்க்கிறது. இரண்டையும் இறக்கி ஆம்ப்ளிஃபயர் மேல் வையுங்கள். பிறகு, கீக்களின் திருகும் குமிழ்கள் உலோகமாக இருந்தால் அவற்றை மட்டும் பிளாஸ்டிக் குமிழ்களாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் சில கிராம் போகும், நீண்ட தூரத்தில் அது நல்ல பயன். கீக்களை முழுவதுமாக மாற்றுவதாக இருந்தால், மூடிய உறையுள்ளவற்றுக்குப் பதில் பற்சக்கரம் வெளியே தெரியும் பழைய பாணிக் கீக்கள் லேசானவை. ஆனால் வாங்கும் முன் தலையில் உள்ள துளையின் விட்டத்தையும், பின்புறத் திருகுகளின் இடத்தையும் அளந்துகொண்டு செல்லுங்கள். பழைய பாணிக் கீக்களுக்கும் புதியவற்றுக்கும் துளை அளவு வேறு. பெரிய துளையில் சிறிய கீயைப் பொருத்த மாற்று வளையம் வேண்டும்.

மணிக்கட்டு வலியைப் பற்றி ஒரு சொல். இடது கையின் வேலை தந்தியை அழுத்துவது. கழுத்தைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலையே இல்லை. இரண்டையும் ஒரே கை செய்யும்போது பெருவிரல் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறது, தந்தி தேவைக்கு மேல் அழுந்திச் சுருதி ஏறுகிறது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கை தாமதமாக நகர்கிறது. மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரியில் நான் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கூட்ட இடது கையை நீட்டியபோது, தலை கவிழ்ந்து மைக் ஸ்டாண்டில் மோதி, இரண்டு தந்திகளின் சுருதி கலைந்து, பாடகர் சரணத்தைத் தொடங்கிவிட்ட நிலையில் நான் வெறுங்கையுடன் நின்றேன். அன்று இரவு வீடு திரும்பியதும் பூரிக்கட்டையை எடுத்தேன். உங்கள் விரல்களில் மரத்துப்போவதோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருந்தால் கிட்டாரைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: அகலமான தோல் ஸ்ட்ராப் வாங்கினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நைலான் ஸ்ட்ராப் வைத்திருக்கிறேன். தோல் ஸ்ட்ராப்பின் விலை கூடுதலாக இருக்கிறதே, அது உண்மையிலேயே பயன் தருமா?
கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தரும், ஆனால் எதைத் தருகிறது என்று தெரிந்து வாங்குங்கள். தலை கவிழும்போது ஸ்ட்ராப் உங்கள் தோள்மேல் வழுக்கி முன்பக்கம் ஓடுகிறது. சொரசொரப்பான ஸ்ட்ராப் அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எடை மையம் மாறவில்லை. உராய்வு அதை மறைக்கிறது. மறைத்தாலும் கச்சேரி நடக்கும் என்றால் மறைத்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கருத்து.

வழுக்குவது ஸ்ட்ராப் மட்டுமன்று, சட்டையும்தான். மெல்லிசைக் குழுவினர் ஒரே மாதிரி தைத்துப் போட்டுக்கொள்ளும் பளபளப்பான சாட்டின் சட்டையில் எந்த ஸ்ட்ராப்பும் நிற்காது. பருத்திச் சட்டையில் நைலானே ஓரளவு நின்றுவிடும். சட்டையை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்றால் ஸ்ட்ராப்பின் அடிப்பக்கத்தை மாற்றுங்கள். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊரிலேயே இருக்கிறீர்கள். மேற்புறம் வழவழப்பாகவும் உட்புறம் துவாலை போல் பஞ்சுபிசிராகவும் உள்ள தோல் துண்டு ஒன்றை, ஏழு சென்டிமீட்டர் அகலமும் இரண்டு சாண் நீளமுமாக வாங்கி, பிசிர்ப்பக்கம் சட்டையில் படும்படி உங்கள் நைலான் ஸ்ட்ராப்பின் தோள் படும் பகுதியில் செருப்புத் தைப்பவரிடம் தைத்து வாங்குங்கள். புதிய தோல் ஸ்ட்ராப்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும். தைத்தபின் எண்ணெயோ மெருகோ போட வேண்டாம். போட்டால் எதற்காகத் தைத்தீர்களோ அது போய்விடும்.

கேள்வி: என் அப்பா வாசித்த கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. கழுத்து சாய்வதைத் தடுக்க முன்பொத்தானை மேல்கொம்புக்கு மாற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்பாவின் கிட்டாரில் துளை போட மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?
வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: உங்களுக்கு யோசனை சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். எடை மையத்தை நகர்த்த முடியாதபோது தாங்கும் இடத்தை நகர்த்துவதே காவடி சுமப்பவர் செய்வது. கழுத்தின் அடியில் உள்ள பொத்தானை மேல்கொம்பின் நுனிக்குக் கொண்டுவந்தால் சில சென்டிமீட்டர் கிடைக்கும். அந்தச் சில சென்டிமீட்டரே பல கிட்டார்களில் போதுமானது. முகம் முன்னோக்கிக் கவிழ்வதும் அதோடு நிற்கும். ஆயினும் மனம் வராத இடத்தில் துளைக்கருவியை எடுக்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். பழைய கிட்டாரில் புதிய துளை விற்பனை விலையைக் குறைக்கும், உங்களுக்கோ விலையைவிட வேறு கணக்கும் இருக்கிறது.

துளையில்லாத வழி ஒன்று உண்டு. ஒலிப்பெட்டி உள்ள சாதாரண மரக் கிட்டார்களில் முன்பொத்தான் இல்லாதபோது, ஸ்ட்ராப்பின் முன்முனையை ஒரு கயிற்றால் தலைப்பகுதியில், கழுத்தின் மேல்முனையில் தந்திகள் ஊன்றும் நட்டுக்கு அப்பால், தந்திகளுக்கு அடியில் நுழைத்துக் கட்டுவார்கள். அதையே இங்கும் செய்யலாம். தாங்கும் இடம் எடை மையத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விடுவதால் தலை சாயவே சாயாது. குறைகளும் உண்டு: முதல் இரண்டு ஃபிரெட்டுகளில் ஸ்ட்ராப் கையில் உரசும், நடந்து திரும்பும்போது கழுத்தின்மேல் இழுவை விழுந்து சுருதி லேசாக அசையும். வீட்டில் நின்று வாசிக்க இது போதும், மேடைக்குச் சற்றுச் சிரமம்.

ஒருவேளை பின்னாளில் மனம் மாறினால், அல்லது வேறு வாசகர் யாரேனும் தம் கிட்டாரில் இதைச் செய்ய நினைத்தால், அவசரத்தில் செய்யக் கூடாத வேலை இது என்பதை நினைவில் வையுங்கள். கொம்பின் நுனி மெல்லியது. முன்துளை போடாமல் திருகை நேராக முடுக்கினால் மரம் நார்வாக்கில் பிளந்துவிடும்; அப்படிப் பிளந்த கொம்புகளை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒட்டிய கோடு கடைசிவரை தெரியும். பெயிண்ட் உதிராமல் இருக்க இடத்தில் முதலில் காகித ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். திருகின் மரைக்கு நடுவே உள்ள தண்டின் தடிமனுக்குச் சமமான முனையால், கையில் சுழற்றும் கருவிகொண்டு மெதுவாகத் துளைக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை முனையிலேயே நாடா சுற்றி அடையாளம் செய்துகொள்ள வேண்டும். திருகின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு முடுக்கினால் இறுகாமல் உள்ளே போகும். பழைய பொத்தான் இருந்த துளையை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பொத்தானையும் அதிலேயே இருக்கவிடுங்கள். என்றாவது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் கிட்டார் உங்களை மன்னிக்கும்.

கேள்வி: தேவாலயத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆராதனை முழுவதும் வலது முழங்கையால் உடலை அழுத்திக்கொண்டே வாசிக்கிறேன், இல்லையென்றால் கழுத்து இறங்கிவிடுகிறது. பின்னால் ஈயம் வைக்கலாமா?
வாசகர், வாடிப்பட்டி

பதில்: பேஸ் கிட்டாரில் இந்தக் குறை கூடுதலாக வெளிப்படுவது இயல்பு. வழக்கமான மின் கிட்டாரின் தந்தி நீளம் 628 அல்லது 648 மில்லிமீட்டர் என்றால், வழக்கமான பேஸில் அது 864 மில்லிமீட்டர். கழுத்தும் தடிமன், கீக்களும் பெரியவை. கிப்சன் 1963-இல் வெளியிட்ட தண்டர்பேர்டு பேஸ் இந்தக் குறைக்கே பெயர்பெற்றது. இந்தத் தொல்லையை அடியோடு ஒழிக்க விரும்பியவர்கள் தலையையே வெட்டிவிட்டார்கள் என்றும் சொல்லலாம்: நெட் ஸ்டைன்பெர்கர் வடிவமைத்து 1980-களில் புகழ்பெற்ற தலையில்லாப் பேஸில் சுருதி சேர்க்கும் அமைப்பு பின்முனைக்குப் போய்விட்டது.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. லேசான கீக்கள் என்ற வழி பேஸில்தான் மிகப் பெரிய பயனைத் தருகிறது. உங்கள் கீக்களைக் கழற்றி, காய்கறிக் கடைத் தராசிலாவது நிறுத்துப் பாருங்கள். லேசான வகைக்கு மாற்றுவதால் ஒவ்வொன்றிலும் 45 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் நான்கில் 180 கிராம். எடை மையத்திலிருந்து தூரம் 60 சென்டிமீட்டர் என்றால் பெருக்கல் 10,800. அதைப் பின்முனையில், 40 சென்டிமீட்டர் தூரத்தில் ஈடுகட்ட 270 கிராம் ஈயம் வேண்டும். ஆக, இரண்டு வழிகளுக்கும் இடையே உங்கள் தோள் உணரும் வேறுபாடு 450 கிராம், அதாவது ஏறத்தாழ அரைக்கிலோ. ஆராதனை முடியும்வரை அந்த அரைக்கிலோவைச் சுமக்கப்போவது நீங்கள்.

கீக்கள் கிடைக்கவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை என்றால் எடை வைக்கலாம். அதற்கு ஈயத்தை உருக்கி ஊற்ற வேண்டாம். அதன் புகையும் தூசும் உடலுக்குக் கேடு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கேடு. டயர் கடைகளில் காரின் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் எடைப்பட்டை கிடைக்கும். ஐந்து, பத்து கிராம் துண்டுகளாக ஒட்டும் பசையுடனே வரும். ஈயமில்லாத இரும்புப் பட்டையாகவே கேட்டு வாங்குங்கள். பின்பொத்தானுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு குறைவான எடை போதும். ஒலிக் குமிழ்களின் கம்பிகள் இருக்கும் குழிக்குள் ஒட்டுவதானால் பட்டையை மின்காப்பு நாடாவால் முழுவதும் சுற்றிவிடுங்கள். வெற்று உலோகம் கம்பியின் இணைப்பில் பட்டால் ஆராதனை நடுவே ஒலி நின்றுபோகும். உடலில் புதிதாகக் குழி தோண்டி எடை வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படித் தோண்டியவர் ஒருவரின் கிட்டார், தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்பின் கம்பி அறுந்து என்னிடம் வந்தது. எடை சரியாகவே இருந்தது, ஒலிதான் இல்லை.

கம்பியில்லாமல் ஒலி அனுப்பும் கருவியை இடுப்பில் மாட்டுவதுண்டா? அதை இடுப்பிலிருந்து எடுத்து, ஸ்ட்ராப்பில் பின்பொத்தானை ஒட்டிய இடத்தில் மாட்டிப் பாருங்கள். ஏற்கெனவே சுமக்கும் எடைதான், இடம் மாறினால் கொஞ்சம் வேலையும் செய்யும்.

கேள்வி: உட்கார்ந்து வாசித்தால் இந்தத் தொல்லை இருக்காதல்லவா?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: கருநாடக இசையைக் கிட்டாரில் வாசிப்பவர்கள் தரையில் அமர்ந்து வாசிப்பதால் ஸ்ட்ராப் வழுக்கும் தொல்லை அவர்களுக்கு இல்லை. நாற்காலியில் அமர்ந்து, வலது தொடையில் கிட்டாரை வைத்தால் அந்தத் தொடையே தாங்கும் இடமாகிவிடுகிறது. எடை மையம் அதைவிட இடப்பக்கம் இருப்பதால் தலை அப்போதும் இறங்கும். இடது காலைச் சிறு மணைமேல் தூக்கி வைத்து, கிட்டாரை இடது தொடைக்கு மாற்றுங்கள். அல்லது அமர்ந்திருக்கும்போதும் ஸ்ட்ராப்பைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி ஆண்டு விழாவுக்கு முன் மின் கிட்டார் வாங்கித் தரச் சொல்கிறாள். கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?
ஒரு தாய், மதுரை அண்ணாநகர்

பதில்: பெரும்பாலான கடைகளில் முக்காலியில் உட்காரவைத்துக் கையில் கொடுப்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் இந்தக் குறை பாதிதான் தெரியும். கடைக்காரரிடம் ஸ்ட்ராப் ஒன்றைக் கேட்டு வாங்கி, மகள் வழக்கமாக அணியும் பள்ளிச் சீருடை போன்ற துணியில், நின்றபடி மாட்டச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கைகளையும் எடுக்கச் சொல்லுங்கள்; நீங்கள் மட்டும் தலைப்பகுதிக்கு அடியில் கையை ஏந்தி நில்லுங்கள். கழுத்து இருந்த இடத்தில் இருந்தாலோ மெல்லச் சற்று இறங்கி நின்றுவிட்டாலோ வாங்கலாம். உங்கள் கையில் வந்து விழுந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நிறம் மகளுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். இன்னும் வளராத மணிக்கட்டு அதைத் தாங்கப் பழகினால், தவறாகப் பிடிக்கும் பழக்கம்தான் முதல் பாடமாக அமையும்.

வடிவத்தைக் கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். மேல்கொம்பின் நுனி கழுத்தின் பாதிவரை எட்டுகிறதா, பொத்தான் அந்த நுனியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டார்கள் பெரும்பாலும் இதில் தேறும். டெலிகாஸ்டர் வடிவத்துக்கு மேல்கொம்பே இல்லை. ஆனால் உடல் போதிய கனமுள்ள மரமாக இருந்தால் அதுவும் தேறும், மிக லேசான மரமாக இருந்தால் தேறாது. ஆகவே கண்ணால் கணித்தாலும் ஸ்ட்ராப்பை மாட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். கடைக்காரர் ஸ்ட்ராப் இல்லை என்று சொன்னால், போகும்போது உங்கள் வீட்டிலிருந்தே ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை.